அப்பா தூங்குறார்

மாத்திரை வாங்கினால் பெட்டிக்குள் பொடி எழுத்தில் ஒரு தாள் இருக்குமே, படிக்காமலே தூக்கி எறிவீர்களே, அதை மடிப்பதுதான் பத்து வருஷமாக என் வேலை. கம்பெனியிலிருந்து கட்டுக்கட்டாக வீட்டுக்கு வரும். எட்டாக மடித்து, விளிம்பை நகத்தால் அழுத்தி இழுத்து, நூறு நூறாக ரப்பர் போட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நீங்கள் எறிந்ததை நான் ஒரு வரி விடாமல் படித்திருக்கிறேன். தலைசுற்றல், வாந்தி, மூச்சுத்திணறல், மிக அரிதாக மரணம். இதையே பத்து வருஷம் படித்தவளைப் பார்த்து, "உனக்கு எதுக்கெடுத்தாலும் ஏன்டி இவ்வளவு பயம்?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். அவருக்கென்ன, கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

அவருக்கு ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்பு வேலை. பழைய ஊரில் இருந்தவரை ராத்திரி ஷிஃப்ட்தான். காலை ஆறரைக்கு மாவு வாசத்தோடு வந்து விழுந்தால் மதியம் இரண்டு மணிக்குத்தான் கண்ணைத் திறப்பார். அந்த ஊரில் எங்களுக்கு இருந்தது ஒரே அறை. காலை நீட்டிப் படுத்தால் அடுப்பில் இடிக்கும். அந்தப் பொந்துக்கே சம்பளத்தில் பாதிக்கு மேல் வாடகை. அதற்குள்தான் அவர் தூங்க வேண்டும், நான் தாள் மடிக்க வேண்டும், எங்கள் மகள் வளர வேண்டும்.

அதனால் எங்கள் வீட்டில் பேச்சு என்பதே கிடையாது, கிசுகிசுப்புதான். பிள்ளை பிறந்த நாளிலிருந்து அவள் காதில் நான் சொன்னதெல்லாம் ரகசியக் குரலில்தான். "அப்பா தூங்குறார், மெதுவா" என்பதைத்தான் அவள் முதன்முதலில் புரிந்துகொண்டிருப்பாள். கோபம் வந்தால்கூட நான் கிசுகிசுப்பாகத்தான் திட்டுவேன், அவளும் வாயைப் பொத்திக்கொண்டுதான் அழுவாள். சிரிப்பு வந்தால் சத்தமே இல்லாமல் குலுங்குவாள். அவளுக்குச் சுண்டெலி என்று பெயர் வைத்தது அவள் அப்பாதான். ஐந்து வயது ஆகிறது. இந்த ஐந்து வருஷத்தில் தன் அம்மா வாய்விட்டுக் கத்தி அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இந்த ஊரில் தொழிற்சாலைக்குப் புதுக் கிளை திறந்தார்கள். பகல் ஷிஃப்ட், அதே சம்பளம். வாடகையோ பாதி. "நாமளும் மனுஷங்க மாதிரி இருக்கலாம்டி" என்று அவர் துள்ளினார். ஊருக்கு நட்டநடுவில், கடைகளுக்கு மேலே, ஐந்தாவது மாடியில் வீடு. கூடம், இரண்டு அறை, தனியாகச் சமையலறை. அவர் வேலைக்கு நடந்தே போய்விடலாம். கீழே கண்ணாடிக் கடை, ஜெராக்ஸ் கடை, பேருந்து நிறுத்தம், தெருவைக் கடக்க ஒரு சிக்னல். அந்த சிக்னல் நாள் முழுக்க 'டிக் டிக்' என்று அடித்துக்கொண்டே இருக்கும். காலை ஒன்பது மணிக்குக் கடை ஷட்டர்களை ஒவ்வொன்றாகத் தூக்குவார்கள் பாருங்கள், கட்டடமே இடிந்து விழுகிறதோ என்று முதல் நாள் நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கதவு வரை ஓடிவிட்டேன்.

கண்ணாடிக் கடைக்காரன் எதிர்க் கட்டடச் சுவரில், எங்கள் மாடி உயரத்துக்கு, ஒரு மூக்குக்கண்ணாடி போர்டு மாட்டியிருந்தான். அந்த இரண்டு வட்டமும் நேராக எங்கள் சமையலறை ஜன்னலையே பார்த்தன. திரை வாங்கும்வரை அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் சமைத்தேன். சிரிக்காதீர்கள். முன்பின் தெரியாத ஊரில் ஒருத்தி தனியாகப் பிள்ளையோடு பகல் முழுக்க உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

கடையைவிட, தெருவைவிட, எனக்குப் பெரிய பயம் அந்த வீடுதான். கூடத்தில் நின்று தும்மினால் உள் அறை திருப்பித் தும்மியது. பிள்ளை ஓர் அறையில் இருந்தால் எனக்கு மற்ற அறையிலிருந்து தெரியாது. பழைய வீட்டில் திரும்பிப் பார்க்காமலே அவள் மூச்சு எங்கே இருக்கிறது என்று சொல்வேன். இங்கே ஒரு நிமிஷம் அவள் கண்ணில் படவில்லை என்றால் மடித்த தாளைப் போட்டுவிட்டு ஓடுவேன். அதனால் என்ன செய்தேன் தெரியுமா? பாய், மெத்தை, துணிமூட்டை, தாள் கட்டு எல்லாவற்றையும் சமையலறைக்கே இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுப்புக்கு இந்தப் பக்கம் மெத்தை, அந்தப் பக்கம் மேடையில் ஐயாயிரம் தாள்.

"நாலு ரூமுக்கு வாடகை கட்டறேன். குடும்பம் நடத்துறது அடுப்பங்கரையில. மத்ததெல்லாம் காத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கியா?" என்றார் வீட்டுக்காரர்.

"மெதுவா பேசுங்க" என்றேன் கிசுகிசுப்பாக.

"இங்க யாருடி தூங்குறா?" என்று அவர் இன்னும் சத்தமாகச் சிரித்தார். சுண்டெலி பயந்துபோய் என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

இருக்கிற பயம் போதாதென்று என் அக்கா வேறு. தினமும் பத்து மணிக்குப் போன். அவள் இந்த ஊருக்கு வந்ததே இல்லை, ஆனால் எல்லாம் அவளுக்குத் தெரியும்.

"டவுன் நடுவுலயா வீடு எடுத்தீங்க? அடிப்பாவி! அங்கெல்லாம் பட்டப்பகல்லயே கதவைத் தட்டுவானுங்களாம். பிள்ளை தனியா இருக்குன்னு தெரிஞ்சா, 'நான்தான்மா அம்மா, திற'ன்னு பொம்பளைங்களை விட்டுக் கூப்பிடுவானுங்களாம். பிள்ளையும் நம்பித் திறந்துடுமாம்."

"யாருக்கு நடந்துச்சுக்கா?"

"யாருக்கோ நடந்துச்சு. உனக்கு நடக்கணுமா?"

  அன்றைக்கே பிள்ளைக்குப் பாடம் ஆரம்பித்தேன். அவளைச் சமையலறைக்குள் விட்டு, கதவைச் சாத்திவிட்டு, வெளியே நின்று தட்டுவேன். குரலைக் கரகரவென்று மாற்றிக்கொண்டு, "பாப்பா, நான்தான் அம்மா, திற" என்பேன்.

"மாட்டேன்."

"அம்மாவுக்கு அடிபட்டுடுச்சு, ரத்தம் வருது, திற பாப்பா."

"மாட்டேன்."

"யார் என்ன சொன்னாலும் திறக்கக் கூடாது. அழுதாலும் திறக்கக் கூடாது. அம்மாகிட்ட சாவி இருக்கும். அம்மா தட்டவே மாட்டா. என்ன?" என்று அப்புறம் அவள் காதில் ஓதுவேன். முதல் நாள் அவளுக்கு அது விளையாட்டாக இருந்தது, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். மூன்றாம் நாள் சிரிக்கவில்லை. நன்றாகக் கற்றுக்கொண்டாள் என்று எனக்கு ஒரே பெருமை. ஒரு முத்தம் கொடுத்தேன்.

அந்த மாடியில் எங்களைத் தவிர ஒரே ஒரு வீடுதான், நேர் எதிரே. அங்கே இருந்த ஆளை முதன்முதலில் கதவு ஓட்டை வழியாகத்தான் பார்த்தேன். ஆறடிக்கு மேல் உயரம், வழுக்கைத் தலை, கழுத்திலிருந்து முழங்கால் வரை வெள்ளை ஏப்ரன். அந்த ஏப்ரன் முழுக்கச் சிவப்பும் ரோஸுமாகத் துளித்துளியாக ஏதோ.  இரண்டு நாள் கழித்து அவர் கதவு திறந்திருந்தபோது உள்ளே ஓர் அலமாரி தெரிந்தது. தட்டுத்தட்டாகப் பல். மனுஷப் பல்! வரிசையாக ஈயென்று இளித்துக்கொண்டிருந்தன.

"பல் செட் பண்றவர்டி அவர்" என்றார் வீட்டுக்காரர். "ஊர்ல இருக்கிற பல் டாக்டருக்கெல்லாம் இவர்தான் செஞ்சு கொடுக்கிறார். அது ரத்தமில்ல, ஈறுக்கு ஊத்துற ரோஸ் கலர்."

"உங்களுக்கு யார் சொன்னா?"

"அவரேதான். லிஃப்ட்ல பாத்தேன்."

"கொலைகாரன் லிஃப்ட்ல வந்து நான் கொலைகாரன்னா சொல்லுவான்?"

அவர் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். போகும்போது, "வெளிய வந்தா சாவியை எடுத்துக்கோ, இந்தக் கதவு ஒரு மாதிரி" என்று என்னமோ சொன்னார். நான் எங்கே வெளியே போகப் போகிறேன்? அவரோடு சேர்ந்து போனதைத் தவிர பத்து நாளில் வாசற்படியைத் தாண்டியதில்லை. அதோடு பழைய வீட்டுக் கதவுக்கு வெளியே தொங்குகிற பூட்டுதான். பூட்டினால் பூட்டும், சாத்தினால் சும்மா சாத்தியிருக்கும். வேறு விதமாகவும் கதவு இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

பல்லுக்காரர் இரண்டு தடவை வந்து கதவைத் தட்டினார். இரண்டு தடவையும் நானும் சுண்டெலியும் சமையலறையில் மெத்தைச் சுருளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டோம். நான் அவள் வாயைப் பொத்த, அவள் என் வாயைப் பொத்த, அவர் போகும்வரை மூச்சுவிடவில்லை. ஒளிய வேண்டுமென்றால் இங்கேதான் என்று அவள் மனதில் பதிந்துவிட்டது.

பதினோராம் நாள் காலை. அவர் வேலைக்குப் போயிருந்தார். சின்னத் தீயில் பாலை வைத்துவிட்டுத் தாள் மடித்துக்கொண்டிருந்தேன். மறுபடியும் தட்டும் சத்தம். நானும் பிள்ளையும் மெத்தைக்குப் பின்னால் பதுங்கினோம்.

"அம்மா, ஒரு விஷயம் சொல்லணும். திறக்க வேண்டாம், பரவாயில்ல. எழுதி வெச்சிட்டுப் போறேன்" என்றது அந்தக் குரல். பீப்பாய்க்குள்ளிருந்து வருகிற மாதிரி குரல் அவருக்கு. ரப்பர் பேண்ட் ஒன்று 'சடக்' என்று கதவுப் பிடியில் அடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு எதிர்க் கதவு சாத்திக்கொண்டது.

என்ன வைத்துவிட்டுப் போனான்? பார்க்காவிட்டால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. "இங்கேயே இரு, ஆடாதே" என்று பிள்ளையிடம் கிசுகிசுத்துவிட்டு, பூனை மாதிரிக் கூடத்தைக் கடந்து கதவைத் திறந்தேன். வெளிப்பிடியில் ஒரு காகிதத்தை ரப்பரால் நாலு சுற்றுச் சுற்றி மாட்டியிருந்தார். ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மறு கையால் இழுத்தேன், வரவில்லை. ஒரே ஓர் எட்டுதான், வெளியே வைத்தேன். ரப்பரை எடுக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. கூடத்து ஜன்னல் திறந்திருந்தது போலிருக்கிறது, காற்று அடித்தது. எனக்குப் பின்னால் கதவு 'டக்' என்று சாத்திக்கொண்டது.

நான் பதறக்கூட இல்லை. தள்ளினால் திறக்கும் என்றுதான் நினைத்தேன். தள்ளினேன். பிடியைத் திருகினேன். அது அசையவில்லை.

கையிலிருந்த காகிதத்தைப் பிரித்தேன். உள்ளே ஒரு சாவி இருந்தது. குண்டு குண்டு எழுத்தில் எழுதியிருந்தார்: "எதிர் வீட்டம்மாவுக்கு. இந்தக் கட்டடத்துக் கதவுகள் சாத்தினால் தானாகவே பூட்டிக்கொள்ளும். சாவி இல்லாமல் வெளியே வரவே வராதீர்கள், நான் இரண்டு தடவை மாட்டிக்கொண்டிருக்கிறேன். இங்கே எல்லாரும் ஒரு சாவியை எதிர் வீட்டில் கொடுத்து வைப்பது வழக்கம். என் வீட்டுச் சாவியை இதோடு வைத்திருக்கிறேன். உங்களுடையதை முடிந்தபோது கொடுங்கள்."

பத்து வருஷம் ஊருக்கெல்லாம் எச்சரிக்கைத் தாள் மடித்துக் கொடுத்தவள் நான். எனக்கென்று ஒரு தாள் வந்தது, அதைப் படிக்க வெளியே வந்து மாட்டிக்கொண்டேன். அவர் வீட்டுச் சாவி என் கையில் இருந்தது. என் வீட்டுச் சாவி உள்ளே ஆணியில் தொங்கியது. என் போனும் உள்ளே. அடுப்பில் பால். அடுப்புக்குப் பக்கத்தில் ஐயாயிரம் தாள். மெத்தைக்குப் பின்னால் என் பிள்ளை.

உள்ளேயிருந்து குமிழைத் திருகினால் கதவு திறக்கும். ஐந்து வயசுப் பிள்ளைக்கும் எட்டும். வந்த முதல் நாளே திருகிப் பார்த்து என்னிடம் கையில் ஒரு அடியும் வாங்கியிருந்தாள். ஆக, கூப்பிட்டால் போதும். நான் மெல்லத் தட்டினேன்.

"சுண்டெலி, கதவைத் திறடா."

ஐந்து மாடிக்குக் கீழே ஒரு லாரி உறுமியது. என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னும் பலமாகத் தட்டினேன். "பாப்பா! நான்தான் அம்மா! திற!"

வாழ்க்கையில் முதல் தடவை கத்துகிறேன். என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு கரகரப்பு வரும் என்று எனக்கே தெரியாது. பாடம் நடத்தியபோது நான் வைத்துக்கொண்ட திருடிக் குரல் அதேதான்.

கதவுக்கு அடியில் இரண்டு விரல் இடைவெளி இருந்தது. தரையில் முட்டிபோட்டுப் பார்த்தேன். தூரத்தில், சமையலறை வாசலில், இரண்டு சின்னப் பாதங்கள் வந்து நின்றன.

"கண்ணு, குமிழைத் திருகு. அம்மாதான்டா!"

"மாட்டேன்" என்றது ஒரு சின்னக் குரல். பாடத்தில் சொல்வாளே, அதே 'மாட்டேன்'.

"ஐயோ, நிஜமாவே அம்மாடா! அடுப்புல பால் இருக்கு! திறடா!"

"மாட்டேன்."

 இரண்டு கையாலும் கதவை அடித்தேன், அலறினேன், அழுதேன். அழுதாலும் திறக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தது நான்தானே! அந்தப் பாதங்கள் ஓரடி பின்னால் போயின. அப்புறம் திரும்பி ஓடின. எந்தப் பக்கம்? கூடத்தின் அந்தக் கோடியில் இரண்டு அறைகள் காலியாகத் திறந்து கிடந்தன. அங்கே போய் ஒளிந்திருக்கலாம், அடுப்பிலிருந்து தள்ளியாவது இருந்திருப்பாள். ஆனால் அவளுக்கு அந்த அறைகள் இருப்பதே தெரியாத மாதிரி வளர்த்திருந்தேன். நேராகச் சமையலறைக்குள் ஓடினாள், அடுப்பை ஒட்டி, மெத்தைக்குப் பின்னால்.

எதிர்க் கதவு திறந்தது. ஏப்ரனோடு பல்லுக்காரர். என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"உள்ள யாரு?"

"பிள்ளை. அடுப்பு எரியுது. பால். பக்கத்துல தாளு..." இன்னொரு சாவி வீட்டுக்காரரிடம்தான், தொழிற்சாலை அடுப்பில் நிற்கும்போது அவர் போன் லாக்கரில் இருக்கும்.

அவர் போனை எடுத்துத் தீயணைப்புக்குப் பேசினார், கீழே கட்டடக் காவலாளிக்குப் பேசினார். "இருபது நிமிஷம் ஆகும்ங்கிறாங்க. இந்த நேரத்துல கடைத்தெருவுல வண்டி நகராது" என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே பால் தீய்கிற நாற்றம் கதவுக்கு அடியில் வந்தது. பால் பொங்கித் தீயை அணைத்துவிட்டால் கேஸ் நிறையும். அணைக்காவிட்டால் தாள் பற்றும். தீ எரிந்தாலும் பயம், அணைந்தாலும் பயம். எந்தச் சாமியிடம் எதை வேண்டிக்கொள்வது என்றே தெரியாமல் நின்றேன்.

பல்லுக்காரர் உள்ளே ஓடிப்போய்ப் பல் செதுக்குகிற சின்ன டிரில்லைத் தூக்கிக்கொண்டு வந்தார். நீளமான வயரை இழுத்து, பூட்டுத் துவாரத்தில் வைத்து அழுத்தினார். 'கிர்ர்ர்' என்று அது கிறீச்சிட்டது. எனக்கே பல் கூசியது. உள்ளேயிருந்து சுண்டெலி வீலென்று அலறினாள். என் பிள்ளை வாய்விட்டு அலறியதும் அன்றைக்குத்தான் முதல் தடவை. டிரில் ஊசி பட்டென்று முறிந்தது. அதற்குள் காவலாளி கடப்பாரையோடு மூச்சிரைக்க ஏறி வந்தார். இரும்புக் கதவு, கடப்பாரை நுழைய இடமில்லை. இருந்தும் விளிம்பில் வைத்து இடித்தார். கட்டடமே அதிர்ந்தது.

"பாப்பா, கதவைத் திற! மாமாதான்!" என்று பல்லுக்காரர் பீப்பாய்க் குரலில் கூப்பிட்டார்.

"திற பாப்பா!" என்று காவலாளி கத்தினார்.

"திறடா!" என்று நான் கத்தினேன்.

உள்ளே சத்தமே இல்லை. அலறலும் நின்றுவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எனக்குத் தெரியும். சொல்லிக் கொடுத்தவளுக்குத் தெரியாதா? நாங்கள் எவ்வளவு சத்தம் போடுகிறோமோ அவ்வளவுக்கு அவள் உள்ளே சுருங்குகிறாள். வெளியே மூன்று திருடர்கள், ஒருத்தி அம்மா என்று வேறு சொல்கிறாள். அந்தப் பொம்பளைக் குரலை அவள் பிறந்ததிலிருந்து கேட்டதே இல்லை.

அது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நிறுத்துங்க!" என்றேன். "இடிக்காதீங்க. பேசாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், யாரும் மூச்சுவிடாதீங்க."

காவலாளி என்னைப் பைத்தியம் என்று நினைத்திருக்க வேண்டும். பல்லுக்காரர்தான் அவர் கையைப் பிடித்துக் கடப்பாரையைத் தரையில் படாமல் வாங்கிக்கொண்டார். நான் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, வாயைக் கதவு இடுக்கில் கொடுத்தேன். கீழே சிக்னல் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. தொண்டை இன்னும் கத்தத்தான் துடித்தது. அடக்கினேன். எப்படிப் பேச வேண்டுமோ அப்படிப் பேசினேன்.

"சுண்டெலி... அப்பா தூங்குறார். மெதுவா வா."

ஒன்றும் இல்லை. புகை வாசனை மாறியிருந்தது. பால் நாற்றத்தோடு காகிதம் கருகுகிற நெடியும் சேர்ந்திருந்தது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை சொன்னேன். அதைவிடச் சன்னமாக.

"அப்பா தூங்குறார்டா. சத்தம் போடாம வா. அம்மா இங்க இருக்கேன்."

சமையலறை வாசலில் பாதம் தெரிந்தது. ஒன்று. அப்புறம் இன்னொன்று. நுனிக்காலில் நடந்து வந்தாள், பழைய வீட்டில் அவர் தலைமாட்டைக் கடந்து போவாளே, அப்படி. கதவுக்கு ஓரடி தள்ளி நின்றாள். எட்டிப் பிடித்துவிடலாம் போலிருந்தது. விரல்தான் போகும், கை போகாது.

"அம்மாவா?" என்று கிசுகிசுத்தாள்.

"அம்மாதான்."

"அம்மாகிட்ட சாவி இருக்குமே."

 "மறந்துட்டேன்டா" என்றேன். எந்தத் திருடியும் அதைத்தான் சொல்வாள். பாதம் மெல்லப் பின்னால் நகர்ந்தது.

என் கையில் அந்தக் காகிதம் கசங்கிக் கிடந்தது. தரையில் வைத்து நீவினேன். விரலுக்கு வேலை தெரியும். இரண்டாக, நாலாக, எட்டாக மடித்தேன். விளிம்பில் நகத்தை வைத்து 'சர்ர்' என்று இழுத்தேன். பிறந்ததிலிருந்து தினமும் அவள் கேட்ட சத்தம் அது. மடித்ததை இடுக்கு வழியாக உள்ளே தள்ளினேன்.

சின்ன விரல்கள் அதை எடுத்தன.  பிறகு குமிழ் திரும்பியது.

நான் எழுவதற்குள் பல்லுக்காரர் என்னைத் தாண்டிக்கொண்டு உள்ளே பாய்ந்தார். அடுப்பை அணைத்தார், ஜன்னலைத் திறந்தார், புகைந்துகொண்டிருந்த தாள் கட்டை வெறும் கையால் அள்ளித் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டார். பாத்திரம் கரிக்கட்டையாகியிருந்தது. தாள் கட்டு ஒரு பக்கம் முழுக்கக் கருகி, நடுவில் சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்ததாம். மெத்தைக்கும் அதற்கும் நடுவில் ஒரு முழம்தான். இதெல்லாம் அவர் அப்புறம் சொன்னது. நான் எங்கே பார்த்தேன்? பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வெளியே கதவுக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் உடம்பெல்லாம் வேர்த்திருந்தது. தடவித் தடவிப் பார்த்தேன், எங்கும் ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

காவலாளி தீயணைப்புக்காரர்களிடம் வர வேண்டாம் என்று சொல்லக் கீழே போனார். பல்லுக்காரர் வெளியே வந்து, விரல் நுனியை ஊதிக்கொண்டே, "ஒண்ணுமில்லம்மா, எல்லாம் அணைச்சாச்சு" என்றார். ஏப்ரனில் இருந்த ரோஸ் துளிகளை அப்போதுதான் அவ்வளவு பக்கத்தில் பார்த்தேன். ஈறு கலர்தான். உள்ளே ஆணியில் தொங்கிய சாவியைக் காட்டி, "அதை நீங்களே எடுத்து வெச்சுக்கோங்க, அண்ணா" என்றேன். அவர் போய் எடுத்துவந்து என் முன்னால் ஒரு தடவை காட்டிவிட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். 

சுண்டெலி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதில் வாயை வைத்தாள்.

"நீ சொன்ன மாதிரியே நடந்துச்சும்மா. ஒரு பொம்பளை வந்தா. நான்தான் அம்மா, நான்தான் அம்மான்னு கத்தினா. அழுதா. கதவை அடிச்சா. நான் திறக்கவே இல்லையே."

அவள் முகத்தில் ஒரே பெருமை. நான் முத்தம் கொடுப்பேன் என்று காத்திருந்தாள். கொடுத்தேன்.

"ரொம்ப பயமா இருந்துச்சும்மா" என்றாள். "அவ மறுபடியும் வருவாளா?"

"வரமாட்டா" என்றேன். சத்தமாகச் சொல்லத் துணிவில்லை, கிசுகிசுப்பாகத்தான் சொன்னேன்.